மூச்சுக் கருவியைப் பழுதுபார்க்க வேண்டியவர் யார்?

மனிதன் தனக்கு வேண்டிய காற்றைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு கடலுக்குள் இறங்கத் தொடங்கி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ‘ஸ்கூபா’ என்று உலகெங்கும் வழங்கும் அக்கருவி இன்று ஆராய்ச்சியாளர், கடற்படையினர், உல்லாசப் பயணிகள், கடலை நம்பிப் பிழைக்கும் தொழிலாளர் ஆகிய பலருக்கும் பயன்படுகிறது. சாலையில் செல்லும் வண்டி பழுதானால் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போகலாம். நீருக்கடியில் மூச்சுக் கருவி பழுதானால் நிறுத்துவதற்கு ஓரம் ஏது? எனவே, அக்கருவியை மூழ்குபவரே பழுதுபார்த்துக்கொள்ளலாமா, அன்றிப் பயிற்சி பெற்ற பணியாளரிடமே விட்டுவிட வேண்டுமா என்னும் கேள்வி, உயிரைப் பற்றிய கேள்வியாகும்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என் தாய்மாமன் மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியல் படிக்கிறேன் என்ற ஒரே காரணத்தால் அவர் தம் கருவியை என்முன் வைத்து, “மருமவனே, நீ படிச்ச பிள்ள. இத நானே தொறந்து பாக்கலாமா, கூடாதா? ஒரு வார்த்த சொல்லு” என்று கேட்டார். பழுதுபார்க்கும் இடம் தொலைவில் உள்ளது. அனுப்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். கருவி இல்லாத நாளில் வருமானமும் இல்லை. என் பாடநூலில் பாயில் விதி இருந்தது. மாமாவின் கேள்விக்கு விடை இல்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

கருவி பிறந்த கதை

1943ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரின் நடுவே, பிரான்சு நாட்டில் பெட்ரோலுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்காக, எமில் கான்யான் என்னும் பொறியாளர் ஒரு வால்வை அமைத்திருந்தார். எஞ்சின் கேட்கும்போது கேட்ட அளவு வாயுவை மட்டும் தருவது அதன் வேலை. கடற்படை அதிகாரியான ழாக் குஸ்தோ, எஞ்சினுக்குப் பதிலாக மனிதனின் நுரையீரலுக்கு அதைப் பயன்படுத்த விரும்பினார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய கருவியை அணிந்துகொண்டு, பாரிசு நகருக்கு அருகிலுள்ள மார்ன் ஆற்றில் குஸ்தோ இறங்கினார்.

படுத்த நிலையில் நீந்தியபோது காற்று ஒழுங்காக வந்தது. நிமிர்ந்து நின்றபோதோ காற்று வீணாகப் பீறிட்டது. தலைகீழாகத் திரும்பியபோது மூச்சை இழுப்பதே கடினமாயிற்று. காற்றைத் தரும் வால்வும், விட்ட மூச்சு வெளியேறும் துளையும் வெவ்வேறு இடங்களில் இருந்ததே காரணம். உடல் நிமிரும்போது அவ்விரண்டிற்கும் இடையே உயர வேறுபாடு உண்டாகிறது. உயரம் வேறுபட்டால் நீரின் அழுத்தமும் வேறுபடும். இரண்டையும் அருகருகே அமைத்ததும் குறை நீங்கியது. இங்கே குறையை உணர்ந்தவர் மூழ்கியவர்; காரணத்தை ஆராய்ந்தவர்கள் இருவரும். மூழ்குபவரின் அனுபவமும் பொறியாளரின் அறிவும் பிரியாமல் இருந்ததால்தான் இக்கருவி பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1950களில் பிரிட்டனில் மூழ்கும் கழகங்களைச் சேர்ந்தவர்கள், போருக்குப்பின் எஞ்சிய விமான ஆக்சிஜன் சிலிண்டர்களையும் சமையல் எரிவாயு ரெகுலேட்டர்களையும் வாங்கித் தாங்களே மூச்சுக் கருவி செய்துகொண்டார்கள். ஆகவே, சொந்தக் கையால் பழுதுபார்ப்பது புதிய ஆசையன்று. கருவியோடு கூடவே பிறந்தது.

கருவி இயங்கும் விதம்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில், மேலே உள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து மொத்த அழுத்தம் மூன்று வளிமண்டலம். அந்த ஆழத்தில் நுரையீரலுக்குள் செல்லும் காற்றும் அதே அழுத்தத்தில் இருந்தாக வேண்டும். இல்லையேல் மார்பை விரித்து மூச்சிழுக்க இயலாது. ஆனால் சிலிண்டரில் உள்ள காற்றோ ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அதை அடக்கி வாய்க்கு ஏற்றவாறு தருவதே ரெகுலேட்டரின் பணி.

இப்பணி இரண்டு நிலைகளில் நடைபெறுகிறது. சிலிண்டரின் தலையில் பொருத்தப்படும் முதல் நிலை, காற்றின் அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 அல்லது 10 வளிமண்டலம் மிகுதியாக இருக்கும் அளவிற்குக் குறைக்கிறது. இதனை இடையழுத்தம் எனலாம். வாயில் கவ்விக்கொள்ளும் இரண்டாம் நிலையில் ஒரு ரப்பர்ச் சவ்வும், ஒரு சிறு நெம்புகோலும், ஒரு வால்வும் உள்ளன. மூச்சை இழுத்தவுடன் சவ்வு உள்நோக்கி வளைந்து நெம்புகோலை அழுத்த, வால்வு திறந்து காற்று வருகிறது. இழுப்பதை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்கிறது.

பெரும்பாலான ரெகுலேட்டர்களில், முதல் நிலை கசிந்து இடையழுத்தம் மிகுந்தால் இரண்டாம் நிலை தானே திறந்துகொள்ளும். அதாவது, காற்று நின்றுபோவதற்குப் பதிலாகப் பீறிட்டு ஓடும். இது நல்ல ஏற்பாடுதான். எனினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று அடங்கும். மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்று தேவைப்படுபவருக்கு, 20 மீட்டர் ஆழத்தில் அதைப்போல் மும்மடங்கு, அதாவது 60 லிட்டர் தேவை. கருவி செம்மையாக இருந்தாலே, கடைசி மூச்சு வரை கணக்கிட்டாலும், 36 நிமிடங்களுக்குத்தான் காற்று உள்ளது. பீறிடும் கருவியோ சில நிமிடங்களில் சிலிண்டரைக் காலி செய்துவிடும்.

இரு தரப்பு வாதங்கள்

தானே பழுதுபார்க்கலாம் என்போர் கூறுவன வலுவில்லாதவை அல்ல. கருவியைப் பிரித்தல், உப்பையும் பாசியையும் நீக்குதல், தேய்ந்த ரப்பர் வளையங்களை மாற்றுதல், கிரீஸ் தடவுதல், மீண்டும் பூட்டுதல், அழுத்தத்தைச் சரிசெய்தல் என்பவையே முழுப் பராமரிப்பின் படிகள். இவற்றில் மந்திரம் எதுவும் இல்லை. தன் உயிர் தொங்கும் கருவியை ஒருவர் மிகுந்த கவனத்தோடு கையாளுவார் என்பதும் உண்மை. மேலும், பழுதுபார்த்து வந்த கருவியிலும் குறை இருக்கக்கூடும். உள்ளமைப்பை அறிந்தவரே அதை உடனே கண்டுகொள்வார்.

கூடாது என்போரின் வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு ரப்பர் வளையங்கள் பருமனிலும் கடினத்தன்மையிலும் வேறுபடலாம். உட்பகுதியில் ஊசிமுனையால் ஏற்பட்ட கீறல்கூடக் கசிவை உண்டாக்கும். ஆக்சிஜன் மிகுதியாகக் கலந்த வாயுவைப் பயன்படுத்துவோர் சாதாரண எண்ணெயையோ கிரீஸையோ தடவினால் தீப்பற்றும் அபாயம் உண்டு. பல நிறுவனங்கள் உதிரி பாகங்களைத் தம்மிடம் பயிற்சி பெற்ற பணியாளர்களுக்கே விற்பதற்கு அவை கூறும் காரணம் இதுதான். இன்னொன்றும் உண்டு. மூழ்குபவர் தம் கருவியில் கூடுதலாக ஒரு வாய்க்குழலை வைத்திருப்பது, துணைவரின் காற்று தீர்ந்தால் கொடுத்து உதவுவதற்காகவே. ஆகையால் என் கருவி என் உயிரை மட்டும் காப்பதன்று.

எல்லை எங்கே?

இரு தரப்பையும் எண்ணிப் பார்த்தபின் எனக்குத் தோன்றிய அளவுகோல் ஒன்று. சைக்கிளின் பிரேக்கை நாமே முடுக்குகிறோம். ஏறி ஓட்டுமுன் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறோம். அந்தச் சோதனைதான் நமக்கு உரிமை தருகிறது. அதுபோலவே, பழுதுபார்த்த பின் சோதித்துப் பார்க்கும் வசதியும் அறிவும் உடையவரே மூச்சுக் கருவியைத் திறக்கலாம். அவை இல்லாதவர் திறக்கலாகாது. இதன்படி வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மூழ்குபவர் ஒவ்வொருவரும் செய்தே தீர வேண்டியவை. கடலிலிருந்து ஏறியதும் முதல் நிலையின் வாயைத் தூசிமூடியால் அடைத்து, நன்னீரில் கழுவ வேண்டும். அப்போது இரண்டாம் நிலையின் நடுப்பொத்தானை அழுத்தினால் நீர் குழாய்க்குள் புகுந்துவிடும். குழாய்களில் வெடிப்பு உண்டா என்று பார்ப்பதும், சிலிண்டர் வாயில் உள்ள ரப்பர் வளையத்தை மாற்றுவதும் எளியவை. இறங்குமுன், சிலிண்டர் வால்வு மூடியிருக்கும்போது வாய்க்குழலை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். காற்று வந்தால் எங்கோ கசிவு உண்டு என்று பொருள். பிறகு வால்வைத் திறந்து, அழுத்தமானியைப் பார்த்தபடியே மூச்சிழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பிற்கும் முள் இறங்கி ஏறினால் வால்வு முழுவதும் திறக்கப்படவில்லை என்று ஐயுறலாம்.

இரண்டாவது, ரெகுலேட்டரைப் பிரிப்பது. இதற்கு நான்கு பொருள்கள் வேண்டும்: அந்த மாதிரிக்குரிய பராமரிப்பு நூல், அதற்கென்றே செய்த உதிரி பாகங்கள், உரிய கருவிகள், இடையழுத்தத்தை அளக்கும் மானி. கடைசியில் சொன்னதே தலையாயது. பூட்டிய கருவியில் காற்றைத் திறந்ததும் மானியின் முள் குறித்த இடத்திற்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், முதல் நிலை வால்வு சரியாக அமரவில்லை என்று அறியலாம். இக்குறை கண்ணுக்கும் காதுக்கும் தெரியாது. ஆகவே இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவதே அறிவுடைமை. நான்கும் இருந்தாலும் முதல்முறை தெரிந்தவர் ஒருவர் அருகிலிருந்து கற்பிக்க வேண்டும். பின்னர் ஆழமற்ற நீரில் ஒத்திகை பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தொடவே கூடாதது சிலிண்டர். முன்னர்க் கூறிய 11 லிட்டர் சிலிண்டர் வெடித்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 4 இலட்சம் ஜூல் என்று கணக்கிடலாம். ஒரு டன் எடையைச் சுமார் 40 மீட்டர் உயரத்திற்குத் தூக்க இது போதும். அமெரிக்காவில் இச்சிலிண்டர்களை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்துகின்றனர். முற்காலத்தில் 6351 என்னும் அலுமினியக் கலவையால் செய்த சிலிண்டர்கள் சிலவற்றில் கழுத்துப் பகுதியில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றியதால், பின்னர் வேறு கலவைக்கு மாறினர். அத்தகைய வெடிப்பை வீட்டு முற்றத்தில் கண்டறிய இயலாது. மேலும், சிலிண்டர் வெடித்தால் பெரும்பாலும் காற்று நிரப்பும் இடத்திலேயே வெடிக்கும். பலியாவது நிரப்பும் தொழிலாளி. தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று வாதிடலாம். பிறர் உயிரை வைக்க எவருக்கும் உரிமையில்லை.

செய்ய வேண்டுவது

மாமாவிடம் நான் இவ்விடையையே கூறினேன். முதல் வகை வேலைகளுள் பெரும்பாலானவற்றை அவர் என்னைவிட நன்றாகவே அறிந்திருந்தார். இடையழுத்த மானி என ஒன்று இருப்பதை மட்டும் அவர் கேள்விப்பட்டதில்லை. அதை உடன் தொழில் செய்வோர் நால்வர் சேர்ந்து வாங்கிவிடலாம் என்றார். “ஆனா புஸ்தகம் இங்கிலீசுலல்லா இருக்கு, அத யாரு படிச்சுச் சொல்லுவா?” என்றும் கேட்டார்.

நண்பர்களே, சிந்திக்க வேண்டிய இடம் இதுதான். தொழிலாளி தன் கருவியைத் தவறாகத் திறப்பதற்குக் காரணம் துணிச்சல் மட்டுமன்று. அறிவு அவனுக்கு எட்டாத மொழியிலும் எட்டாத ஊரிலும் இருப்பதும் காரணமாகும். ‘திறக்காதே’ என்று எச்சரிப்பதோடு நிறுத்தினால், வயிற்றுப்பாடு அவனைத் திறக்க வைக்கும். கடற்கரை ஊர்களில் தொழிலாளருக்குத் தமிழில் பயிற்சி வகுப்புகள் நடைபெற வேண்டும்; படகுக்கு ஒன்றாக இல்லாவிடினும் ஊருக்கு ஒன்றாகவேனும் சோதனை மானிகள் வேண்டும். பராமரிப்பு நூல்களை எளிய தமிழில் எழுதித் தரும் பணியை அறிவியல் மாணவர்களாகிய நாம் மேற்கொள்ளலாம். வரும் விடுமுறையில் ஒரு நூலின் சோதனைப் பகுதியை மட்டுமாவது தமிழாக்கத் தொடங்க எண்ணியுள்ளேன். துணைக்கு வர விரும்பும் நண்பர்கள் இயற்பியல் துறையில் என்னைச் சந்திக்கலாம்.