லோடு வண்டிக்கு ஜாக்கி போடும்போது கவனம்!



மண்டியிலிருந்து சரக்கு ஏற்றிவர நம்மில் பலர் சொந்தமாக லோடு வண்டி வைத்திருக்கிறோம். வழியில் பஞ்சர் ஆனால் ஜாக்கி போடுவது டிரைவர் பாடு என்று இருந்துவிடுகிறோம். ஆனால், கூடமாட ஒத்தாசை செய்வது நம் கடைப் பையன்தானே!

எங்கள் கடை வண்டி ஒருமுறை அரிசி மூட்டைகளோடு சாலையோர மண்ணில் நின்றுவிட்டது. கழற்றிய நட்டு ஒன்று வண்டிக்கு அடியில் உருண்டது. பையன் கையை விட்டு எடுத்தான். அவன் கையை வெளியே இழுத்த மறு விநாடி ஜாக்கி மண்ணில் புதைந்து சாய்ந்தது. வண்டி கீழே இறங்கிவிட்டது. அன்று படித்த பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய வண்டியை அதன் மேலேயே நம்பி விட்டுவைக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியில் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் எண்ணெய்தான். வாஷர் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் ஜாக்கி தானாக இறங்கும். 50 கிலோ மூட்டை 30 என்றால் சரக்கு மட்டுமே 1,500 கிலோ. வண்டியின் எடை தனி. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. சமமான, கெட்டியான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஆட்களை இறக்கிவிடுங்கள். இடம் சரியில்லை என்றால் மூட்டைகளையும் இறக்குங்கள்.

2. ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியரில் நிறுத்தினால் போதும் என்று எண்ண வேண்டாம். ஒரு பின்சக்கரம் மேலே எழும்பிவிட்டால், டிஃபரன்ஷியல் காரணமாக அது தனியே சுழலும். எதிர்ப்பக்கச் சக்கரம் உருண்டு வண்டி நகர்ந்துவிடும்.

3. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு பலம் கொடுத்துத் திருகினால் வண்டி ஆடும்.

4. ஜாக்கிக்கு அடியில் அகலமான, தடித்த பலகை வையுங்கள். செங்கல் வேண்டாம், அது சொல்லாமல் உடையும். கம்பெனி கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் ஜாக்கியைக் கொடுங்கள்.

5. வண்டி எழும்பியதும் ஸ்டெப்னியைச் சேஸுக்கு அடியில் தள்ளுங்கள். பழைய சக்கரத்தைக் கழற்றியதும் அதை அடியில் வைத்து, ஸ்டெப்னியை எடுத்து மாட்டுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி முழுதாக இறங்காது. அப்படியிருந்தும் தலையையோ கையையோ அடியில் நுழைக்கக் கூடாது.

6. நட்டுகளை ஒன்றுக்கு எதிராக ஒன்று என்ற வரிசையில் முடுக்குங்கள். வண்டியை இறக்கியபின் முழுதாக இறுக்குங்கள். சுமார் 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

ஜாக்கியின் மேல் எத்தனை டன் என்று பொறித்திருக்கும். வண்டியோடு வந்ததற்குக் குறைந்ததை வாங்காதீர்கள். மாதம் ஒருமுறை எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பை முதலாளிமீது வைத்துச் சட்டம் வந்தது 1923-லேயே. ஆனால் போன விரலை எந்தப் பணமும் திருப்பித் தராது. இரண்டு மரக்கட்டை, ஒரு பலகை. இன்றே வண்டியில் போட்டு வையுங்கள்.