மத்தி எங்கே போனது?

மத்தி ஏழைகளின் மீன். நம் பக்கத்தில் இதைச் சாளை என்றும் சொல்வார்கள். கேரளத்தில் மத்தி வாசம் தெரியாத அடுப்பு குறைவு. கூலி வேலை முடிந்து திரும்புகிறவர் கையில் ஒரு பொட்டலம் மத்தி இருக்கும். குழம்பு வைப்பார்கள். மிளகாய் தடவி வறுப்பார்கள். காசு குறைந்த நாளிலும் குழந்தைகளுக்குச் சத்து கிடைக்கும்.

2012-ஆம் ஆண்டு கேரளக் கரையில் ஏறக்குறைய 3 இலட்சத்து 90 ஆயிரம் டன் மத்தி வந்து இறங்கியது. 2021-ஆம் ஆண்டு வந்தது 3 ஆயிரத்து 297 டன். நூறு கூடை வந்த இடத்தில் ஒரு கூடை கூட முழுதாக வரவில்லை!

இந்தக் கணக்கை எடுத்தது யார்?

கொச்சியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இது 1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் தொடங்கியது. பல ஆண்டுகள் இதன் தலைமையகம் இராமேசுவரம் போகும் வழியில் உள்ள மண்டபத்தில் இருந்தது. 1971-இல் கொச்சிக்கு மாறியது. மண்டபத்தில் இன்றும் இதன் கிளை உண்டு.

இந்திய நாட்டின் கரையில் மீன் இறங்கும் இடங்கள் ஆயிரத்துக்கும் மேல். எல்லா இடத்திலும் எல்லா நாளும் நின்று எண்ண முடியுமா? முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிறோம் அல்லவா? அதே முறைதான். சில இடங்களையும் சில நாட்களையும் குலுக்கல் போலப் பொறுக்கி எடுப்பார்கள். அன்று நிறுவனத்தின் ஆள் கரையில் நிற்பார். எத்தனை படகு வந்தது, என்ன மீன், எவ்வளவு எடை என்று எழுதுவார். அதை வைத்து மொத்தக் கணக்குப் போடுவார்கள்.

சில மீன்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அங்கே அளப்பார்கள், நிறுப்பார்கள், வயிற்றை அறுத்துப் பார்ப்பார்கள். என்ன தின்றது? சினை இருக்கிறதா? எந்த நீளத்தில் சினை பிடிக்கிறது? எல்லாம் குறிப்பேட்டில் ஏறும்.

நிறுவன நாளை ஒட்டிப் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து விடுவார்கள். ஆய்வுக்கூடத்தையும் கடல் உயிர்களின் காட்சிக்கூடத்தையும் பார்க்கலாம். ஆராய்ச்சியாளரிடம் நேரில் கேள்வி கேட்கலாம். படித்தவர்தான் போக வேண்டும் என்பது இல்லை.

"கடலிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இவர்கள் என்ன சொல்லித் தருவது?" என்று சில மீனவர்கள் கேட்பது உண்டு. நியாயமான கேள்வி. காற்றும் நீரோட்டமும் மீனவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவர் பார்ப்பது ஒரு கரையைத்தான். நாட்டின் எல்லாக் கரைகளையும் பல்லாண்டுக் காலமாகச் சேர்த்துப் பார்த்த கணக்கு தனி ஒருவர் கையில் இருக்காது.

மத்தி ஏன் குறைந்தது? ஆராய்ச்சியாளர்கள் ஒரே காரணம் சொல்லவில்லை. 2015-ஐ ஒட்டிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடானது. அதற்கு முன்பே அளவுக்கு மீறிப் பிடித்தார்கள். குஞ்சு மீனையும் விடவில்லை. கடலின் சூடு மீனவர் கையில் இல்லை. மற்ற இரண்டும் மனிதர் கையில் இருக்கின்றன.

கூடை தூக்கி விற்கும் பெண் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: "ஐயா, சின்ன மீனும் மீன்தானே? இன்றைக்கு விற்றால் இன்றைக்கு அரிசி வாங்கலாமே?"

அதற்குப் பதில் இதுதான்: "அம்மா, 10 சென்டிமீட்டர் மத்தி 15 சென்டிமீட்டராக வளரட்டும். நீளம் ஒன்றரை மடங்குதான். ஆனால் மீன் நீளும்போது பருக்கவும் செய்யும். அதனால் எடை மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிடும். அதற்குச் சில மாதங்கள் போதும். பிறகு அது ஆயிரக்கணக்கில் முட்டையும் இடும்."

இந்தக் கணக்கை வைத்து நிறுவனம் ஒவ்வொரு மீனுக்கும் ஓர் அளவு சொன்னது. அதைவிடச் சிறியதைப் பிடிக்கக் கூடாது. கேரள அரசு 2015-இல் 14 வகை மீன்களுக்கு இதை விதியாக்கியது. 2017-இல் 58 வகையாக உயர்த்தியது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். அயிலைக்கு 14 சென்டிமீட்டர். மீறினால் படகுக்கு அபராதம் உண்டு.

சொல்வது எளிது. டீசலுக்குக் கடன் வாங்கிக் கடலுக்குப் போனவர் வலையில் குஞ்சு மத்தி நிறைந்தால் என்ன செய்வார்? வலையில் சிக்கி நெரிந்த மீன் திரும்பப் போட்டாலும் பிழைப்பது அரிது. ஆகவே வலை விரிக்கும் முன்பே பார்க்க வேண்டும். வலைக் கண்ணும் பெரிதாக இருக்க வேண்டும். குஞ்சு மீனை வாங்கி அரைத்துத் தீவனத் தூளாக்கும் ஆலைகளும் இருக்கின்றன. படகுக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை.

2024-ஆம் ஆண்டு மழைக்காலத்துக்குப் பிறகு கேரளக் கரையில் மத்தி மறுபடியும் ஏராளமாக வந்தது. ஆனால் பெரும்பாலும் சிறு மீன்கள்.

செய்து பாருங்கள்:

அடுத்த முறை மத்தி வாங்கும்போது வீட்டில் உள்ள பிள்ளையின் ஸ்கேலை எடுங்கள். மீனின் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து பாருங்கள். பத்து மீன்களின் நீளத்தை நோட்டில் வரிசையாக எழுதுங்கள். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்தவை எத்தனை? மீன் விற்கும் அம்மாவிடம் அந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள். இந்த மீன் எந்தக் கரையிலிருந்து வந்தது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.