ஈதர்நெட் போர்ட்டின் வேகமும் டூப்ளெக்ஸும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நெட்வொர்க் ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரண்டு அடிப்படை அமைப்புகள் உண்டு. நொடிக்கு எத்தனை மெகாபிட் தரவு செல்லும் என்பதைக் குறிப்பது வேகம்; ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் இயலுமா (ஃபுல் டூப்ளெக்ஸ்), மாறி மாறித்தான் இயலுமா (ஹாஃப் டூப்ளெக்ஸ்) என்பதைக் குறிப்பது டூப்ளெக்ஸ். இவை தனியொரு போர்ட்டின் அமைப்புகளாகத் திரையில் தோன்றினாலும், கேபிளின் இரு முனைகளும் ஒத்துப்போனால்தான் பயன்தரும் என்பது கவனத்தில் கொள்ளப்படாததால் சில தவறான நம்பிக்கைகள் இன்றும் நீடிக்கின்றன.

நம்பிக்கை 1: ‘ஆட்டோ’வை நம்பக்கூடாது; கையால் அமைப்பதே பாதுகாப்பு.

உண்மை: இணைப்பு ஏற்படுமுன் இரு கருவிகளும் தத்தம் திறன்களைச் சிறு மின்துடிப்புகளின் வழியே அறிவித்து, இரண்டுக்கும் பொதுவானவற்றுள் உயர்ந்த முறையைத் தேர்ந்துகொள்வது ஆட்டோ நெகோஷியேஷன் எனப்படும். 1995இல் 802.3யு தரநிலையோடு இது வந்தபோது, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நிகழ்வுகள் இருந்தமையால் இந்த அச்சம் பிறந்தது. எனினும், விதிகளில் இருந்த தெளிவின்மை 1998இல் திருத்தப்பட்டது. 1999இல் வந்த, செம்புக் கம்பிவழி கிகாபிட் ஈதர்நெட்டுக்கான தரநிலையோ இந்த முறையைக் கட்டாயமாகவே ஆக்கியது.

நம்பிக்கை 2: ஒரு முனையை 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நிலைப்படுத்தினால், ‘ஆட்டோ’வில் உள்ள மறுமுனை அதற்கேற்ப மாறிக்கொள்ளும்.

உண்மை: மிகுதியான பிழைகளுக்கு வழிவகுப்பது இதுவே. வேகம், டூப்ளெக்ஸ் இரண்டையும் கையால் அமைத்தால், பெரும்பாலான கருவிகளில் திறனை அறிவிக்கும் துடிப்புகள் நின்றுவிடுகின்றன. வந்துசேரும் சமிக்ஞையின் வடிவத்தைக் கொண்டு மறுமுனை வேகத்தைக் கண்டறிந்துகொள்ளும். இதற்குப் பேரலல் டிடெக்ஷன் என்று பெயர். ஆனால் டூப்ளெக்ஸ் எதுவென்று சமிக்ஞையிலிருந்து அறிய வழியில்லாததால், தரநிலை விதித்தபடி அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்கே செல்கிறது. இவ்வாறு ஒரு முனை ஃபுல், மறுமுனை ஹாஃப் என்றாகும் நிலையே டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச்.

நம்பிக்கை 3: லிங்க் விளக்கு எரிந்து, பிங்குக்குப் பதிலும் வந்தால் இணைப்பில் குறையில்லை.

உண்மை: மிஸ்மேட்ச் உள்ள இணைப்பிலும் விளக்கு எரியும். இணைப்பைச் சோதிக்கும் கட்டளையான பிங் சிறு பொட்டலங்களை ஒவ்வொன்றாக அனுப்புவதால் கேள்வியும் பதிலும் எதிரெதிரே சந்திப்பது அரிது. பெரிய கோப்பை நகலெடுக்கும்போதோ, தரவும் அதற்கான ஒப்புகையும் ஒரே வேளையில் செல்கின்றன. ஹாஃப் முனை, தான் அனுப்பும்போதே எதிரிலிருந்து சமிக்ஞை வருவதைக் கண்டு, அதை மோதலாகக் கருதிப் பாதியில் நிறுத்திவிடுகிறது. மோதலைப் பொருட்படுத்தாத ஃபுல் முனைக்கு அறுபட்ட பொட்டலமே வந்துசேர்கிறது. ஆகவே ஹாஃப் பக்கத்துப் போர்ட்டில், முதல் 64 பைட் சென்ற பின் நிகழும் மோதலான லேட் கொலிஷனும், ஃபுல் பக்கத்தில், பொட்டலம் பழுதாகி வந்ததைக் காட்டும் சி.ஆர்.சி. பிழையும் ஏறிக்கொண்டே போனால், கேபிளை மாற்றுமுன் இரு முனைகளின் அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

நம்பிக்கை 4: கிகாபிட் போர்ட்டில் 1000 என்று அமைத்தால் நெகோஷியேஷன் நின்றுவிடும்.

உண்மை: செம்பு கிகாபிட்டில் எந்த முனையின் கடிகாரத்தை மற்றது பின்பற்ற வேண்டும் என்பதும் இதே பேச்சில்தான் முடிவாகிறது. எனவே பல ஸ்விட்சுகளில் அந்த அமைப்பு, ‘1000 மட்டும் இயலும்’ என்று அறிவிக்கச் செய்கிறதேயன்றிப் பேச்சை நிறுத்துவதில்லை.

சுருங்கச் சொன்னால், இரு முனைகளும் ‘ஆட்டோ’வில் இருப்பதே இன்றைய இயல்பான அமைப்பு. நெகோஷியேஷன் அறியாத பழைய கருவிக்காக வேகத்தையும் டூப்ளெக்ஸையும் நிலைப்படுத்த நேர்ந்தால், இரு முனைகளிலும் ஒன்றுபோல அமைத்து, பின்னர் கருவியை மாற்றுவோர் அறியுமாறு அந்தப் போர்ட்டின் விவரக் குறிப்பில் எழுதிவைப்பது அவசியமாகும்.