ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் ஆள் மாறிவிட்டார்

கேள்வி: என் கணவருக்கு வயது 38. மளிகைக் கடை வைத்திருக்கிறார். 8 மாதங்களுக்கு முன் பைக் விபத்தில் தலையில் பலத்த அடி. இப்போது நடக்கிறார், பேசுகிறார்; ஸ்கேனிலும் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆனால் சொன்னால்தான் குளிக்கிறார். கடையில் மீதிச் சில்லறையை இரண்டு தடவை கொடுத்துவிடுகிறார். குழந்தை சத்தம் போட்டால் கை ஓங்குகிறார். கேட்டால், ‘எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்’ என்கிறார். மாமியார் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். டாக்டர் கவுன்சலிங் போகச் சொல்கிறார். பேசினால் மூளை சரியாகுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர் சோம்பேறி இல்லை சகோதரி. இப்படிப்பட்ட விபத்தில் அதிகம் அடிபடுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, கோபத்தை அடக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. அவருக்குக் குளிக்கத் தெரியும். எழுந்து போகும் உந்துதல்தான் வருவதில்லை. நரம்பிழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம் சி.டி. ஸ்கேனில் தெரியாமலே போகலாம். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்பதும் வீம்பு அல்ல. தன் குறையைத் தானே உணரும் திறனும் அடிபட்டிருக்கக்கூடும்.

பேச்சால் காயம் ஆறாது, உண்மைதான். ஆனால் கவுன்சலிங் என்பது வெறும் பேச்சு அல்ல. ஆலோசகர் முதலில் சோதனைகள் வைத்து, எது போயிருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார். உங்களிடம் சொல்லத் தயங்கும் பயத்தையும் அவமானத்தையும் உங்கள் கணவர் அங்கே தனியாகப் பேச முடியும். பிறகு அன்றாட வேலைகளுக்கான பயிற்சி. ஆஸ்பத்திரி அறையில் பழகியது கடைக்குத் தானாக வந்துவிடாது; கடையிலேயே பழக்க வேண்டும்.

சில்லறை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். வாங்கிய நோட்டைக் கல்லாவில் போடாமல் ஒரு தட்டில் வைக்கச் சொல்லுங்கள். மீதியை எண்ணிக் கொடுத்த பிறகே நோட்டு கல்லாவுக்குள் போக வேண்டும். தட்டு காலியென்றால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். தப்பு செய்யவிட்டுத் திருத்தாதீர்கள். ஞாபகசக்தி குறைந்தவருக்குத் தப்பே மனதில் பதிந்துவிடும். பக்கத்தில் நின்று, ஒவ்வொரு படியையும் சரியாகச் செய்யவைத்து, மெல்ல மெல்ல விலகுங்கள். குளியலுக்கு போனில் அலாரம் வைத்து, துண்டைக் கண்ணில் படும்படி வையுங்கள்.

காயம்பட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும். களைப்பில் சத்தம் தாங்காது. கூட்டமில்லாத நேரத்தில் கொஞ்ச நேரம் கடை, பிறகு ஓய்வு. கை ஓங்கினால் வாதாடாமல் குழந்தையோடு அங்கிருந்து விலகிவிடுங்கள். இதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. மது அறவே வேண்டாம். வலிப்பு வரும் அபாயம் இருப்பதால் டாக்டர் அனுமதிக்கும்வரை பைக்கும் வேண்டாம்.

8 மாதம் போய்விட்டதே என்று தளராதீர்கள். வேகம் குறைந்தாலும் முன்னேற்றம் பல ஆண்டுகள் தொடரலாம். வேலூர் சி.எம்.சி.யிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இதற்கான மறுவாழ்வுப் பிரிவுகள் உண்டு. அருகிலேயே பார்க்க வேண்டுமென்றால், அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் உளவியல் நிபுணரைக் கேளுங்கள். உங்கள் மனபாரத்துக்கு 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்லிக் கேட்காததை டாக்டர் சொன்னால் கேட்பார்.