மரமேறும் ரம்பத்துக்கு எத்தனை அங்குலம்?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் கிருஷ்ணசூடா மரத்தில் கிளை கழிக்க, ஏறுபவருக்கு செயின்சா வாங்குகிறோம். பார் 12 அங்குலமா, 16-ஆ?
– வாசகர், லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: 12 போதும், மிஞ்சினால் 14. மேலே அறுப்பது பெரும்பாலும் தொடைப் பருமனுக்குள்தான். தடித்ததை இருபக்கமும் அறுக்கலாம். பார் நீண்டால் முன்பாரம் கூடும், சிறிய இன்ஜின் திணறும். இன்னொரு கிளையில் நுனி பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். எனக்குப் பயம் அதுதான். 2020 மே 20 ஆம்பன் புயலில் உங்கள் ஊரில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தனவே, அப்படிக் கீழே கிடக்கும் அடிமரத்துக்கு வேண்டுமானால் 16 சரி. வெட்டும்போது இரண்டு கயிறாவது அவரைப் பிடித்திருக்கட்டும். மரத்தையே எடுப்பதானால், மேற்கு வங்கத்தின் 2006 மரப் பாதுகாப்புச் சட்டப்படி முன்அனுமதி வேண்டும்.