ஒரு பொருளும் இரு பெயரும்

ஒரு பொருளைப் பல சொற்களால் வழங்குதல் எம்மொழியினும் காணப்படும் இயல்பாகும். ஞாயிற்றைக் கதிரவன் என்றாலும் பரிதி என்றாலும் அதன் வெப்பம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆயின், வாணிகக் களத்தில் இவ்விலக்கணம் செல்லாது. ஆங்குப் பெயர் மாறின் விலையும் மாறும். இதனை ஆராய்தற்கு மிக ஏற்றதோர் எடுத்துக்காட்டு, வட அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஒரு சிறு மோட்டார் வண்டி. அது போன்டியாக் வைப் எனவும், டொயோட்டா மேட்ரிக்ஸ் எனவும் இரு பெயர் பூண்டு நின்றது. அவ்வண்டி புதிதாக விற்றபோது அதனை வாங்கினோர் பெற்றது யாது, இன்று பழையதாக வாங்க எண்ணுவோர் நோக்க வேண்டுவன யாவை என்பனவே ஈண்டு ஆராயப்படும்.

இவ்வகை வண்டியை அந்நாட்டார் 'ஸ்போர்ட் வேகன்' என்பர். இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி 'விளையாட்டு வண்டி' என எழுதினால், பிள்ளைத்தமிழிலே சிறுதேர்ப் பருவத்துச் சிறுவன் உருட்டும் தேரையே படிப்போர் எண்ணுவர். ஆதலின் சொல்லை விடுத்துப் பொருளை உரைப்போம். சாதாரணக் காரில் பின்புறம் மூட்டை வைக்கும் பெட்டி தாழ்ந்து தனியே நீண்டிருக்கும். வேகனிலோ மேற்கூரை இறுதிவரை சென்று, ஆட்கள் அமரும் இடமும் சுமை வைக்கும் இடமும் ஓர் அறையாகவே அமையும். பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் கதவு ஒன்று இருக்கும். அத்தகைய வண்டியைச் சிறிதாகச் செய்து, விரைந்து செல்லும் தோற்றமும் கொடுத்துவிட்டால் அதுவே ஸ்போர்ட் வேகன். இவற்றுள் வேகன் என்பது காரணப்பெயர். ஸ்போர்ட் என்பதோ, பெரும்பாலும், விற்போர் சூட்டிய பட்டம்.

இவ்வண்டியின் பிறப்பு வரலாறு சுவையுடையது. கலிபோர்னியாவில் பிரீமான்ட் என்னும் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி நடத்திவந்த தொழிற்சாலை 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் அக்கம்பெனியும் ஜப்பானியரது டொயோட்டாக் கம்பெனியும் பங்காளிகளாய்ச் சேர்ந்து அதனை மீளத் திறந்தன. அமெரிக்கத் தொழிலாளர் அங்கே ஜப்பானிய முறையில் வண்டி செய்யக் கற்றனர். டொயோட்டாவின் கொரோலாவும், அதன் உடன்பிறப்பாகிய பிரிஸமும் அவ்வாலையிலே உருவாயின. பிரிஸத்திற்கு வேறு பெயரும் வேறு முகப்பும் அளித்து ஜெனரல் மோட்டார்ஸ் விற்றது. உள்ளுறுப்புக்கள் ஒன்றாயிருந்தும் பழையன விற்கும் சந்தையில் பிரிஸம் கொரோலாவைவிடத் தாழ்ந்த விலைக்கே போயிற்று. 2002-இல் பிரிஸம் ஓய, அதன் இடத்தை வைப் பெற்றது. அதன் இரட்டையாகிய மேட்ரிக்ஸ் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் செய்யப்பட்டது. இரண்டிற்கும் கொரோலாவின் அடித்தளமே அடித்தளம். சக்கரங்களின் இடைநீளமும் இரண்டிற்கும் 102.4 அங்குலமே. வோல்ட்ஸ் என்னும் மூன்றாம் பெயருடன் பிரீமான்டிலிருந்து ஜப்பானுக்கும் இவ்வண்டி சென்றது. ஆனால் ஜப்பானியர் அதனை விரும்பவில்லை. 2004-உடன் அவ்விற்பனை நின்றது.

எந்த வண்டியையும் மதிப்பிடப் புகுவோன் முதலில் தன் தேவையை அளந்தறிதல் வேண்டும். இவ்வண்டியின் சிறப்பு அதன் வயிற்றிலேதான் உள்ளது. பின்னிருக்கைகளை மடக்கினால் ஏறக்குறைய 53 கன அடி இடம் கிடைக்கும். ஓட்டுவோன் அருகிலுள்ள இருக்கையின் முதுகையும் முன்னோக்கித் தட்டையாகச் சாய்க்கலாம். அப்போது ஏணி, பலகை முதலிய நீண்ட பொருள்களும் கதவை மூடியபடியே உள்ளே அடங்கும். சுமைத் தளம் கம்பளமின்றிக் கடினமான பிளாஸ்டிக்கால் ஆனது. சேறு பட்டாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பின்கதவைத் திறவாமலே அதன் கண்ணாடியை மட்டும் தனியே திறக்கும் வசதியும் முதல் வடிவில் உண்டு. பலவற்றில், வீட்டு மின்சாரக் கருவிகளைச் செருகுதற்கு 115 வோல்ட் துளை ஒன்றும் முன்பலகையில் அமைந்திருந்தது. 2003-ஆம் ஆண்டு வண்டியாகப் புதிதில் ஏறத்தாழ 17,000 டாலருக்கு விற்ற பொருளில் இத்துணை வசதி இருந்தது வியக்கத்தக்கதே. 2009-ஆம் ஆண்டு வடிவில் உருவம் பருத்தது; சுமையிடமோ 49 கன அடியளவாகச் சுருங்கியது. எனவே சுமைக்காக வாங்குவோர் பழைய வடிவை நாடுதலே தக்கது என்பது என் கருத்து.

எஞ்சினைப் பற்றிச் சிறிது கூறுவோம். முதல் வடிவிற்கு 1.8 லிட்டர் எஞ்சின்கள் இரண்டு வாய்த்தன. பொதுவானது 130 குதிரை சக்தியுடையது, எளிய பெட்ரோலில் ஓடுவது, பல்லாண்டு உழைப்பது. நான்கு சக்கரங்களையும் செலுத்தும் வகையில் அதே எஞ்சின் 123 குதிரை சக்தியே தந்தது. வண்டியின் எடையோ மிகுந்தது. மலைப்பாதையில் அதன் மூச்சு வாங்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மற்றொன்று வைப் ஜி.டி., மேட்ரிக்ஸ் எக்ஸ்.ஆர்.எஸ். என்னும் உயர்தர வண்டிகளுக்குரியது. யமஹாக் கம்பெனியின் துணையோடு செய்யப்பட்டது. தொடக்கத்தில் 180 குதிரை சக்தி தந்தது. லோட்டஸ் என்னும் ஆங்கில ஓட்டக் காரும் இவ்வெஞ்சினைப் பின்னர் ஏற்றது. ஆயின் நிமிடத்திற்கு ஏறக்குறைய 6,200 சுற்றுக்களைக் கடந்த பின்னரே அதன் முழு ஆற்றல் எழும். உயர்ந்த பெட்ரோலும் அதற்கு வேண்டும். மூட்டையும் குழந்தைகளும் ஏற்றிக் கடைத்தெருவிற்குச் செல்வோன் எஞ்சினை அத்துணை அலறவிட்டு ஓட்டுவானோ? ஓட்டான். பயன்படாத ஆற்றலுக்குப் பணம் கொடுத்தவனாவான். இவ்வுயர்தர வண்டியும் நான்கு சக்கர வண்டியும் 2006-ஆம் ஆண்டு வண்டிகளோடு முதல் வடிவில் மறைந்தன.

இனி, விலைக்கு வருவோம். பழைய வண்டிகளின் சந்தையைக் குறித்து ஜார்ஜ் அக்கர்லாப் என்னும் பொருளியலறிஞர் 1970-இல் ஓர் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். 2001-இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். விற்போனுக்குத் தன் வண்டியின் குற்றம் தெரியும், வாங்குவோனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குவோன் எவ்வண்டியையும் ஐயுற்று நடுத்தர விலைக்கே கேட்பான். நல்ல வண்டி உடையவன் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகிக்கொள்வான். முடிவில் சந்தையில் தீயனவே மிகும் என்பது அவர் கண்ட முடிவு. நம் இரட்டை வண்டிகளை இக்கொள்கையோடு வைத்து நோக்கின் ஒரு புதுமை புலனாகும். இரண்டின் உள்ளுறுப்பும் ஒன்று, குற்றங்களும் ஒன்று, அறியாமையும் ஒன்று. அங்ஙனமிருந்தும், ஒரே ஆண்டில் பிறந்து ஒரே தொலைவு ஓடிய இரண்டனுள் வைப்பே பொதுவாகக் குறைந்த விலைக்குக் கிடைத்துவந்தது. டொயோட்டா என்னும் பெயர் 'நெடுநாள் உழைக்கும்' என்ற எண்ணத்தை எழுப்பியது. போன்டியாக் என்னும் பெயர் அதனை எழுப்பவில்லை. புதிய வைப்களை ஜெனரல் மோட்டார்ஸ் தள்ளுபடி கொடுத்து விற்றதும் பழையவற்றின் விலையை இறக்கியது. இதனை அறிந்தவன் வைப்பை வாங்கி, எஞ்சிய பணத்தைப் பழுது பார்க்கச் செலவிடுவான். அறியாதவன் அப்பணத்தை ஒரு முத்திரைக்குக் கொடுப்பான்.

எனினும், பெயரில் ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டலும் ஆகாது. எஞ்சின், பிரேக் முதலியன இரண்டிற்கும் பொதுவேயாயினும், மேற்போர்வை பொதுவன்று. வைப்பின் முகப்பு, விளக்கு, முன்பக்கத் தகடு ஆகியவை மேட்ரிக்ஸிற்குப் பொருந்தா. 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-இல் போன்டியாக் பெயரையே கைவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் இறுதி வைப் வெளிவந்தது. பிரீமான்ட் ஆலையும் 2010 ஏப்ரல் 1-இல் மூடப்பட்டு, அவ்வாண்டிலேயே டெஸ்லாக் கம்பெனியின் கைக்கு மாறியது. ஆதலின் மோதுண்ட வைப்பிற்கு விளக்கும் தகடும் தேடுவோன் பழைய வண்டி உடைக்கும் கடைகளில் அலைய நேரும். முகப்பு நொறுங்கிய வைப் எத்துணை மலிவாயினும் அதனை விட்டுவிடுதலே நன்று. உள்ளே தேய்ந்ததைத் தீர்த்துக்கொள்ளலாம். வெளியே உடைந்ததைத் தீர்த்தல் அரிது.

புதிதாகவே வாங்க வேண்டும் என்பாருக்கு இவ்வண்டி இப்போது கிட்டாது. மேட்ரிக்ஸும் அமெரிக்காவில் 2013-ஆம் ஆண்டு வண்டியோடும், கனடாவில் அடுத்த ஆண்டோடும் நின்றுவிட்டது. இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க வோக்ஸ்வாகன் கோல்ப் ஸ்போர்ட்வேகனும் 2019-ஆம் ஆண்டு வண்டியோடு அமெரிக்கச் சந்தையை நீங்கியது. பின்கதவுடைய சிறு கார்கள் உண்டெனினும் அவற்றின் வால் குறுகியது; ஏணிக்கு இடமில்லை. உயரம் மிக்க பெருவண்டிகளையே அந்நாட்டார் இக்காலத்து விரும்புகின்றனர்.

ஆகவே பழையதை வாங்கும் வழியே எஞ்சுகிறது. இருபது ஆண்டு உழைத்த வண்டியை வாங்குவோர் பெரும்பாலும் மாணவரும் கூலி வேலைக்காரருமே. ஏமாந்தால் வேறொன்று வாங்க அவர் கையில் இரண்டாம் பணமுடிப்பு இராது. ஆதலின் பார்வையிடும் முறையைச் சற்று விரித்தே கூறுகிறேன்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று காண்க. விற்போன் முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பின் சில இரைச்சல்கள் மறைந்துபோகும். முன்மூடியின்மேல் கை வைத்தாலே சூடு தெரியும். எண்ணெய்க் கோலை உருவி அளவைப் பார்க்க. சிறப்பாக, 2009-ஆம் ஆண்டு வடிவில் வந்த 2.4 லிட்டர் எஞ்சின் எண்ணெய் குடிக்கும் குறையுடையது எனப் பெயர்பெற்றது, அவ்வடிவின் 1.8 லிட்டர் எஞ்சினே கவலை குறைந்தது. கைக்கியர் வண்டியாயின் மற்றொரு சோதனையும் உண்டு. முதல் வடிவின் தொடக்க ஆண்டுகளில் ஐந்து கியர்ப் பெட்டியின் பேரிங்குகள் தேய்ந்தமை பலரும் கண்ட குறை. கியரை நடுநிலையில் வைத்து, கிளச்சை அழுத்தாமல் எஞ்சினை ஓடவிடுக. உறுமல் ஒன்று கேட்டு, கிளச்சை அழுத்தியவுடன் அது நின்றால் குற்றம் கியர்ப் பெட்டியினுள் இருத்தல் கூடும். எஞ்சினினின்று பிரிந்து பெட்டியின் தண்டு அப்போது சுழலாது நிற்பதே உறுமல் அடங்குதற்குக் காரணம். மாறாக, அழுத்தும்போதே உறுமல் எழின் கிளச்சின் பேரிங்கை ஐயுறுக. அது சிறு செலவில் தீருமோ என்றால், அதுவும் பெட்டியைக் கழற்றியே தீர வேண்டும். உயர்தர எஞ்சினுடையதை விரும்புவோன் நன்கு சூடேறிய பின் ஒருமுறை 6,200 சுற்றுக்கு மேல் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். திடீரெனப் புது வேகம் எழாவிடின் அவ்வேகத்தைத் தரும் உறுப்புத் தேய்ந்ததென அறிக.

வண்டி வாழ்ந்த ஊரையும் வினவுக. மிச்சிகன், ஒன்டாரியோ போன்ற பனிப்பிரதேசங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்பு இறைப்பர். அவ்வுப்பு அடிப்புறத்தைத் துருவாகத் தின்னும். கலிபோர்னியாவில் வாழ்ந்த வண்டி வெயிலால் நிறம் மங்கியிருப்பினும் எலும்பு கெடாதது. நிறத்தைக் கண்டு மயங்குவோர் கீழே குனிந்து பார்ப்பதில்லை.

இவையெல்லாம் பணத்தைப் பற்றியவை. உயிரைப் பற்றியது ஒன்று உண்டு. இவ்வண்டிகளைத் திருத்தம் செய்தற்பொருட்டுக் கம்பெனிகள் பலமுறை திரும்ப அழைத்துள்ளன. 2005 முதல் 2008 வரையிலான ஆண்டு வண்டிகளுள் பலவற்றின் எஞ்சினை ஆளும் மின்கருவி கெட்டு, ஓடும்போதே எஞ்சின் நிற்கக்கூடும் என 2010 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 2009, 2010 ஆண்டு வண்டிகளின் வேக மிதி ஒட்டிக்கொள்ளும் குறைக்காக 2010 ஜனவரியில் ஓர் அழைப்பு எழுந்தது. இவற்றினும் கொடியது டகாட்டாக் கம்பெனி செய்த காற்றுப்பை. மோதல் நேர்கையில் பையை ஊதுதற்கு அதனுள் அம்மோனியம் நைட்ரேட்டு வைக்கப்பட்டிருந்தது. பல்லாண்டு வெப்பமும் ஈரமும் பட்டு அம்மருந்து கெட்டால், உலோகக் கூடே வெடித்துச் சிதறி, காக்க வந்த பையே ஆளைத் துளைக்கும். அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டோர், பல கம்பெனிகளின் வண்டிகளில், இதனால் மாண்டனர். வைப், மேட்ரிக்ஸ் இரண்டும் இவ்வழைப்பிற்கு உட்பட்டவை. திருத்தப்படாத 2003, 2004 ஆண்டு மேட்ரிக்ஸ் உள்ளிட்ட ஏறத்தாழ 50,000 வண்டிகளை ஓட்டவே வேண்டாவென்று 2024 ஜனவரியில் டொயோட்டா எச்சரித்தது.

முன்கண்ணாடியின் கீழ்மூலையில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி உண்டு. வைப்பின் குறி '5 ஒய் 2' என்றும், மேட்ரிக்ஸின் குறி '2 டி 1' என்றும் தொடங்கும். முதலெண் 5 அமெரிக்காவையும் 2 கனடாவையும் குறிப்பது. அக்குறி முழுவதையும் எழுதிக்கொண்டு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவித்தால், எந்தத் திருத்தம் செய்யப்படாது நிற்கிறது என்பதைக் கட்டணமின்றி அறியலாம். திருத்தமும் கம்பெனியின் செலவிலேயே செய்துதரப்படும். போன்டியாக் பெயர் மறைந்தபோதிலும் வைப்பிற்குரிய அக்கடமை ஜெனரல் மோட்டார்ஸையே சாரும். காற்றுப்பைத் திருத்தம் நிலுவையில் உள்ள வண்டியாயின், விலை எவ்வளவு இறங்கினும், அதனை வாங்கியவன் தானே ஓட்டி வீடு சேர்த்தல் ஆகாது. இழுத்துச் செல்லும் வண்டியை அமர்த்தி நேரே கம்பெனியின் பணிமனைக்கே கொண்டுசெல்க.