ஓய்வறியாத் தலைவருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. கண்மாய்ச் சங்கத் தலைவர் பொறுப்பில் தூக்கமே போய்விட்டது என்கிறாய். "சார், ஊரே மாறிக்கொண்டிருக்கும்போது தலைவன் படுத்துத் தூங்கினால் என்ன பேசுவார்கள்?" என்றும் கேட்டிருக்கிறாய். தூங்காவிட்டாலும் பேசத்தான் செய்வார்கள். மம்சாபுரம் விலக்கிலிருந்து ராஜபாளையம் வரை பார்க்கிற ஃபிளெக்ஸில் எல்லாம் 'ஓய்வறியா உழைப்பாளி'. கண் விழித்துக் கிடப்பதை ஒரு தகுதியாக யாரப்பா ஆக்கினது?

என் கட்சி இதுதான்: களைத்த ஆளால் மாற முடியாது. நேற்றுச் செய்ததையே இன்னும் அழுத்திச் செய்வான். அதற்கு உறுதி என்று பெயரும் வைத்துக்கொள்வான்.

நம்மூர்க் குமாரசாமி ராஜாவையே எடுத்துக்கொள். காந்தி கலை மன்றத்துக்குப் போயிருப்பாய், அது யார் கொடுத்த வீடு என்று உனக்குச் சொல்ல வேண்டாம். 1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்குப் பின் சென்னை மாகாண முதல்வராகப் பொறுப்பேற்றார். ஆந்திரமும் மலபாரும் சேர்ந்த பெரிய மாகாணம். அவர் நாற்காலியில் இருக்கும்போதே குடியரசு வந்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டும் வந்தது. அதோடு அரிசிப் பஞ்சம், ரேஷன், கெடுபிடி. அத்தனையையும் தாங்கினார். ஆனால் ரேஷன் கெடுபிடியில் ஜனங்கள் வெறுத்துப்போயிருந்தார்கள். 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார்.

அடுத்து வந்தவர் யார்? 73 வயது ராஜாஜி. 1951 கடைசியில் டெல்லி உள்துறையை விட்டுவிட்டுச் சென்னையில் ஒதுங்கியிருந்தவர். ஏப்ரலில் பதவியேற்றார், ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார். ராஜாவைவிட அவர் கெட்டிக்காரர் என்று நான் சொல்லவில்லை. சில மாதம் வெளியே நின்று மூச்சு வாங்கியவர் கண்ணுக்கு முடிச்சு எங்கே என்று தெரிந்தது. கட்டுப்பாடு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காதவர் அவர், ஓய்வுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று என் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ராஜாவும் அத்தோடு உட்கார்ந்துவிடவில்லை. சொந்த மண்ணில் தோற்றவர், இரண்டு வருடத்தில் ஒரிசா ஆளுநராகப் போனார்.

அதே ஒரிசாவில், 1964 ஜனவரியில், புவனேசுவரம் காங்கிரஸ் மாநாட்டில்தான் நேருவைப் பக்கவாதம் தாக்கியது. அதன்பிறகுதான் வேலையைப் பகிர சாஸ்திரியை இலாகா இல்லாத மந்திரியாகத் திரும்பக் கூப்பிட்டார்கள். மே மாதம் நேரு போய்விட்டார். படுத்தபிறகு ஆள் தேடுவது ஓய்வில் சேராது தம்பி. அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நம் மாவட்டத்துக் காமராசர். மூன்று மாதம் முன்பு, 1963 அக்டோபர் 2-ஆம் தேதி, உடம்பில் தெம்பு இருக்கும்போதே முதலமைச்சர் நாற்காலியைப் பக்தவத்சலத்திடம் விட்டுவிட்டு வந்தவர். 'துறந்தார், துறந்தார்' என்று மேடையில் உருகுகிறார்களே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் இடம் மாறினார், அவ்வளவுதான். நேருவுக்குப் பின் யார் என்று டெல்லியில் எல்லோரையும் கேட்டு முடிவுக்குக் கொண்டுவர, கோட்டையில் கோப்பு பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு நேரம் ஏது?

உன் விஷயத்துக்கு வருகிறேன். நெல் வயல் தென்னந்தோப்பாகிறது; கிணறும் போரும் வைத்திருப்பவன் மடைத்தண்ணீருக்கு அவசரப்படுவதில்லை; கடைமடையில் நெல் போட்டவன்தான் தவிக்கிறான். நீயோ பழைய முறையையே வைத்துக்கொண்டு, அது பிசகாமல் நடக்கிறதா என்று ராத்திரியெல்லாம் கரையில் டார்ச்சோடு நடக்கிறாய். கரையில் நடந்தால் முறை எப்படியப்பா மாறும்? கண்மாய் வற்றிக் கிடக்கும்போதுதானே கரம்பை அள்ளுகிறோம், உனக்கும் அப்படி ஒரு கோடை வேண்டாமா?

மடை ஷட்டரை நீர்ப்பாய்ச்சி பார்த்துக்கொள்ளட்டும். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அவருக்கு அந்தத் தண்ணீர் தெரியும். அடுத்த கூட்டத்தைத் துணைத்தலைவர் நடத்தட்டும். அன்றைக்கு நீ ஊரில் இருக்காதே, இருந்தால் எட்டிப் பார்ப்பாய். செண்பகத்தோப்புப் பக்கம் போய்ச் சாம்பல் நிற அணில் கண்ணில் படுகிறதா என்று பார். போனை வீட்டிலேயே வைத்துவிடு. என்ன முடிவானது என்று மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். பிடிக்காத முடிவாக இருந்தால் உடனே மாற்றாமல் ஒரு முறைத்தண்ணீர் போகும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய வரலாற்று வாத்தியார்